இசைத்தட்டே ஆசானாகுமா?

நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிட இசையே அடங்கும். 1930களில் அவ்வாறு பதிவான வீணை தனம்மாளின் (1867–1938) வாசிப்பை மட்டுமே துணையாகக் கொண்டு அவரது பாணியைக் கற்க இயலுமா? ஓசூர்த் தொழிற்பேட்டையில் இரவு, பகல் முறைமாறி உழைப்பதால் ஆசிரியரிடம் தவறாது செல்ல இயலாத இளைஞருக்கு இது வெறும் வாதமன்று.

தனம்மாளின் வாசிப்புக்கு உயிர் அடக்கமே. ஒருமுறை மீட்டிய தந்தியை மெட்டின்மேல் இழுத்து, நாதம் தேயுமுன் பல சுரங்களை வருவிக்கிறார். தேவையின்றி அடுத்த மீட்டு எழுவதில்லை.

சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் வசதி இன்று கைப்பேசியிலேயே உண்டு. அதனால் கமகம் செல்லும் வழி துலங்குகிறது, பேருதவிதான். ஆனால், நீட்டிய ஒலியில் நாதம் தேயும் கால அளவு பொய்யாகிவிடுகிறது. மீண்டும் எப்போது மீட்டுவது என்பதை அந்தத் தேய்வுதானே கற்பிக்கிறது! ஆகவே, வழியை அறிந்தபின் இயல்பான வேகத்திற்குத் திரும்புதல் வேண்டும்.

இன்னொரு துணையும் உண்டு. தனம்மாளின் பேத்தி பிருந்தா (1912–1996) அப்பாணியைக் குரலில் காத்தார். அவர் பாடியதைக் கேட்டு, நாமும் முதலில் பாடிப் பழகினால், தட்டின் இரைச்சலில் மறைந்த நெளிவுகள் புலப்படும்.

ஆயினும், விரல் தந்தியில் படும் கோணத்தை எந்தத் தட்டும் காட்டாது. நம் பிழையையும் அது கேட்பதில்லை. கேள்விஞானத்தை இசைத்தட்டிடம் பெறுவோம். விடுமுறை நாளிலேனும் கையைத் திருத்த ஓர் ஆசிரியர்முன் அமர்வோம்.