அத்திரம்பாக்கம்: கல்லை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா?

அத்திரம்பாக்கம் என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். இந்த எண், சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2018-ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. கட்டுரை அருமை. அதன் தலைப்புதான் கொஞ்சம் வம்பு.

முதலில் அருமையைச் சொல்லிவிடுகிறேன். கீழ் மண்ணடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள். 2011-ல் இதே குழு அவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது. மேலே வரவர கைக்கோடரி குறைகிறது, சின்னச் சில்லுகள் பெருகுகின்றன. கூடவே லெவல்லுவா முறையும் தலைகாட்டுகிறது. அதாவது, கல்லின் மேற்பரப்பை முன்கூட்டியே சீர்செய்து வைத்துக்கொண்டு, நினைத்த வடிவத்தில் ஒரே தட்டில் சில்லு எடுப்பது. கையில் கல்லை எடுக்கும்போதே நாலைந்து தட்டு தள்ளி யோசித்திருக்க வேண்டும். 7,000-க்கும் மேற்பட்ட கருவிகளை வைத்து இந்த மாற்றத்தை அடுக்கடுக்காகக் காட்டியிருக்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நவீன மனிதரோடுதான் இந்தியாவுக்குள் நுழைந்தது என்ற வாதம் இதோடு ஆட்டம் கண்டது. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் தலைப்பு, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் வெளியேறிய கதையையே திருத்துவதாகச் சொல்கிறது. செய்திகள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, 'நவீன மனிதன் முன்னமே இங்கே வந்துவிட்டான்' என்று போய்விட்டன. அங்கே ஒரு மனித எலும்புகூட கிடைக்கவில்லையே! லெவல்லுவா ஐரோப்பாவில் நியாண்டர்தால்களின் கையில் இருந்தது. ஆப்பிரிக்காவில் நம் முன்னோர் கையிலும் இருந்தது. அர்மீனியாவின் நோர் கெகி தளத்தில் சுமார் 3,30,000 ஆண்டுகளுக்கு முன் கைக்கோடரியும் லெவல்லுவாவும் ஒன்றாகவே கிடக்கின்றன. பழைய முறையிலிருந்தே உள்ளூரில் புதியது கிளைத்திருக்கலாம் என்று 2014-ல் அதை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அப்படியிருக்க, கருவியைப் பார்த்து ஆளுக்குப் பெயர் வைப்பது எப்படி?

எண்ணையும் முழுசாகப் படிக்கணும். மண் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்பதை அளந்து கிடைத்த வயது அது. கட்டுரையில் 3,85,000-க்குப் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் 64,000 என்று இருக்கிறது. கழித்தால் 3,21,000. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் தளத்துக்குச் சொல்லப்படும் வயது சுமார் 3,15,000. ஆக 'ஆப்பிரிக்காவை முந்திவிட்டோம்' என்பது கட்டுரை சொல்லாத சேதி. இரண்டும் சமகாலம் என்றுதான் ஆசிரியர்களே நிதானமாக எழுதியிருக்கிறார்கள். ஆனா அந்த வரியை யார் ஃபார்வர்ட் பண்றாங்க?

எலும்பு கிடைத்தால்கூட வழக்கு சட்டென்று முடியாது. நர்மதைக் கரையில் ஹத்நோராவில் 1982-ல் ஒரு பழைய மண்டையோட்டுத் துண்டு கிடைத்தது. அது ஹோமோ எரெக்டஸா, வேறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.