கற்பிப்போருக்குக் கற்பித்தல்: வளர்ந்தோர் எழுத்தறிவும் தொலைவழிப் பயிற்சியும்

வளர்ந்தோர் எழுத்தறிவு பற்றி நமது இதழ்கள் அதிகம் பேசியதில்லை. நாம் ஒரு 'படித்த சமூகம்' என்ற நினைப்பே அதற்குக் காரணம். ஆனால் யுத்தமும் இடம்பெயர்வும் பள்ளிப்படிப்பை இடைநடுவில் முறித்துவிட்ட ஒரு தலைமுறை இலண்டனில் நம்மோடு வாழ்கிறது. நான் வேலைசெய்யும் உணவுப் பொதித் தொழிற்சாலையில் எச்சரிக்கைப் பலகையின் நிறத்தை மட்டும் பார்த்து நடப்பவர்கள் உள்ளனர். கவுன்சில் கடிதத்தைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பிக்கும் தாய்மார் உள்ளனர். இவர்களுக்குக் கற்பிக்க ஒருவர் முன்வந்தால் அவரை யார் தயார்செய்வது? இன்று எளிதாகக் கிடைக்கும் பதில், இணையவழிப் பயிற்சி என்பதே.

இப்பதிலை எடுத்த எடுப்பிலேயே நிராகரிப்போர் நம்மிடையே உளர். இரவுவேலை செய்பவன் என்ற முறையில் அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. மாலை ஆறு மணிக்குக் கல்லூரிக்குப் போகக்கூடியவரே பயிற்சி பெறலாம் எனில், தொழிலாளரிடையே இருந்து ஒரு கற்பிப்பவரும் வரப்போவதில்லை.

தொலைவழிப் பயிற்சி புதியதுமல்ல. 1975 ஒக்டோபரில் பிபிசி 'ஒன் த மூவ்' என்னும் பத்து நிமிடத் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியது. வாசிக்கத் தெரியாத லொறித் தொழிலாளியாக பொப் ஹொஸ்கின்ஸ் நடித்தார். பிரித்தானியாவில் இருபது லட்சம் வளர்ந்தோருக்கு எழுத்தறிவு போதாது என அப்போது மதிப்பிடப்பட்டிருந்தது. கற்பிக்க முன்வந்த தொண்டர்களுக்கெனக் கைநூலும் வானொலி நிகழ்ச்சிகளும் தயாரிக்கப்பட்டன. எனினும் திரையே எழுத்தறிவித்துவிடும் என பிபிசி கருதவில்லை. ரெலிபோனில் அழைத்தவர் தமது ஊரிலுள்ள வகுப்புக்கோ தொண்டருக்கோ அறிமுகப்படுத்தப்பட்டார். அழைப்புத்தான் தொலைவிலிருந்து வந்தது. படிப்பு ஒரு மேசையில் இருவர் அமர்ந்து நடந்தது.

அதே தசாப்தத்தில் சவுத்ஹோலை மையமாகக் கொண்டு தொழிலக மொழிப் பயிற்சி இயங்கியது. அதன் பயிற்றுநர்கள் முதலில் தொழிற்சாலைக்குள் சென்று, அங்கு யார் யாரிடம் எதைச் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தார்கள். பாடம் அதன் பின்னரே எழுதப்பட்டது. மேற்பார்வையாளரும் பயிற்சிக்கு உட்பட்டார். 1980களின் இறுதியோடு அரச நிதி நின்றது, அமைப்பும் கலைந்தது.

இந்திய அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்து, புதுக்கோட்டையில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. பயிற்சி மேலிருந்து கீழாகப் படிப்படியாக இறங்கி, கடைசியில் கிராமத்துத் தொண்டரை அடைந்தது. ஒவ்வொரு படியிலும் அது நீர்த்துப்போனது என்பது நியாயமான விமர்சனமே. ஆயினும் கலைப்பயணமும் பெண்களின் சைக்கிளோட்டமும் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்தன. 2022இல் தொடங்கிய 'உல்லாஸ்' திட்டமோ ஐந்து ஆண்டுகளில் ஐந்து கோடிப் பேரை இலக்காகக் கொண்டு, தொண்டர் பயிற்சிக்குப் பெரிதும் இணையத் தளத்தை நம்புகிறது. இடைப்படிகள் நீங்கியதால் பாடம் நீர்க்காமல் வருகிறது. ஆனால் தொண்டரைக் கேள்வி கேட்க அங்கு யாருமில்லை.

இங்கேதான் எனது விமர்சனம் உள்ளது. பாவுலோ பிரெய்ரே 'வங்கிமுறைக் கல்வி' என்று கண்டித்ததை இணையப் பாடத்தொகுதி கற்பிப்பவர் மீதே பிரயோகிக்கிறது. காணொளியைப் பார், பத்து வினாக்களுக்குப் புள்ளடி இடு, சான்றிதழ் பெறு. நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் என் முன்னால் அமர்ந்தவன் பேனாவுடன் வந்தான். எழுத்தறியாத வளர்ந்தவரோ வெட்கத்துடன் வருகிறார். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்பார். அந்த வாக்கியத்தின் பொருளை எந்த வினாத்தாளும் சோதிப்பதில்லை.

மேலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் வாசிக்கத் தெரிந்து ஆங்கில எழுத்தை அறியாதவர் ஒருவர். எந்த எழுத்தையும் அறியாதவர் இன்னொருவர். முன்னவருக்கு எழுத்து ஒலியைக் குறிக்கும் என்பது தெரியும். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதே அவரது இடர். பின்னவரைத் தமிழில் தொடக்குவதே பொருத்தம் என்பேன். அப்போதும் 247 எழுத்துகளை வரிசையாக ஒப்புவிக்கச் செய்வது குழந்தைக்குரிய முறை. 'வாடகை', 'சம்பளம்', 'கடிதம்' போன்ற, அவர் வாயில் நாளும் புழங்கும் சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பதே பிரெய்ரே காட்டிய வழி. உலகுக்கெல்லாம் ஒன்றெனத் தயாரிக்கப்பட்ட பயிற்சி இவ்விருவரையும் ஒரே பட்டியலில் அடக்கிவிடுகிறது.

எனவே இணையவழிப் பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே கற்பிப்பவருக்கு ஒரு மாணவராவது இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை, மாணவரின் சம்மதத்துடன், அனுபவமுள்ள ஒருவர் கேட்டு விமர்சிக்க வேண்டும். மாதம் ஒருமுறையேனும் கற்பிப்போர் நேரில் கூடவேண்டும். இம்மூன்றும் இருந்தால் மற்றவை திரையில் வரட்டும்.

முன்னாள் ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் இந்த நகரத்தில் நமக்குக் குறைவில்லை. கூட்டங்களில் 'மக்கள்' என்ற சொல்லை அதிகம் உச்சரிப்பவர்களும் நாமே. அந்த மக்களில் ஒருவருக்கு அவரது சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்றுக்கொடுக்க நாம் தயாரா? மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும்; விவாதிப்போம்.