அந்தப் பேருந்து நிறுத்தத்தில் யாரும் நிற்கலாம்

பேருந்து நிறுத்தத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரே டீக்கடைக்கு இருவர் தினமும் ஒரே நேரத்தில் வரலாம். போன் செய்து, மறுமுனையில் குரல் கேட்டதும் வைத்துவிடலாம். ‘ராங் நம்பர்’ என்று சொல்லவும் இடமுண்டு. பின்தொடர்தலைக் கருவாகக் கொண்ட உளவியல் திகில் கதைகள் நகரம் தரும் இந்தச் சலுகைகளின் மேல்தான் எழுகின்றன. தனித்தனியே பார்த்தால் எதுவும் குற்றமில்லை. கூட்டினால்தான் பயம் வரும். அப்படிக் கூட்டத் தெரிந்தவர் பின்தொடரப்படுபவர் ஒருவரே. அவர் கணக்கை வேறு யாரும் ஒப்புவதில்லை. கத்தியும் கொலையும் பிறகு வருபவை. சில நல்ல கதைகளில் வருவதே இல்லை.

முன்னோடி என்று எட்கர் ஆலன் போ 1840இல் எழுதிய ‘தி மேன் ஆஃப் தி கிரவுட்’ சிறுகதையைச் சொல்வார்கள். லண்டனில் ஒரு காபிக் கடை ஜன்னல் வழியே கண்ட கிழவரின் பின்னால் கதைசொல்லி இரவெல்லாம் நடக்கிறான். மறுநாள் மாலைவரை விடுவதில்லை. கிழவரிடம் ஏதோ பெரும் குற்றம் ஒளிந்திருப்பதாக முடிவுகட்டுகிறான். தொடர்ந்து போகிற இவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த வகை நெடுங்காலம் இவன் பக்கமே நின்றது.

பெட்ரீஷியா ஹைஸ்மித்தும் அதே பக்கம்தான், ஆனால் அவருக்கு அந்த நோய் உள்ளிருந்தே தெரியும். 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் கடை ஒன்றின் பொம்மைப் பிரிவில் வேலை பார்த்தபோது, பொம்மை வாங்க வந்த ஒரு பெண்மணியிடம் மனத்தைப் பறிகொடுத்தார். பிறகு அவர் முகவரியை வைத்துக்கொண்டு ரயிலேறி, நியூ ஜெர்சியில் அவர் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1960இல் வந்த ‘திஸ் ஸ்வீட் சிக்னெஸ்’ நாவலின் நாயகன், வேறொருவனை மணந்துகொண்டவளுக்காக வேறு பெயரில் வீடு வாங்கி, அவள் உடனிருப்பதாகவே வார இறுதிகளைக் கழிக்கிறான். 1962இல் வந்த ‘தி க்ரை ஆஃப் தி அவுல்’ இதைவிட விபரீதம். சமையலறை ஜன்னலில் ஒரு பெண்ணை ஒளிந்து பார்ப்பவன் ஒருநாள் பிடிபடுகிறான். அவள் கத்தவில்லை; உள்ளே அழைக்கிறாள். அதன்பின் வேட்டையாடப்படுபவன் அவன்தான். ஒளிந்து பார்த்தவனையே நாம் பாவம் என்று நினைக்கும்படி செய்துவிடுகிறார் ஹைஸ்மித். அந்தச் சங்கடத்திலிருந்து கடைசிவரை நம்மை விடுவிப்பதில்லை.

தொடரப்படுபவரின் பக்கம் போய் நின்ற நாவல்களில் என் தேர்வு இயன் மெக்யூவனின் ‘எண்ட்யூரிங் லவ்’ (1997). பலூன் விபத்து ஒன்றில் ஒரு கணம் கண்கள் சந்தித்ததோடு சரி, ஜோ தன்னைக் காதலிப்பதாக ஜெட் பாரி முடிவுசெய்துகொள்கிறான். பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளெராம்போ 1921இல் விவரித்த மயக்கம் இது. இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஜார்ஜ் தன்னைக் காதலிப்பதாக நம்பியவள் என்று அவர் குறிப்பிடும் ஒரு பெண், அரண்மனைத் திரைச்சீலைகளின் அசைவில் சைகைகளைப் படித்தாளாம். நாவலில் மயக்கம் பாரிக்கு, சந்தேகம் ஜோவின் மேல். போலீஸ் அக்கறை காட்டவில்லை. காதல் கடிதங்களின் கையெழுத்து ஜோவின் கையெழுத்தைப் போலிருக்கிறதே என்று உடன் வாழும் கிளாரிசாவே தயங்குகிறாள். எனக்கு நாவலின் உச்சம் அந்தத் தயக்கம்தான். பின்னால் வரும் துப்பாக்கிகள் அல்ல.

திரையில் இதற்கு இணையாகச் சதோஷி கோன் இயக்கிய ‘பெர்ஃபெக்ட் புளூ’ (1997) அனிமேஷனைச் சொல்லலாம். பாட்டுக்குழுவை விட்டு நடிக்கப் போன மிமா, தன் பெயரில் யாரோ நடத்தும் இணைய நாட்குறிப்பைப் படிக்கிறாள். ரயிலிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்குகிறாள் என்பதுவரை அதில் இருக்கிறது. மிகைல் ஹனெக்கெயின் ‘காஷே’ (2005) படத்தில் வீட்டு வாசலை அசையாமல் படம்பிடித்த வீடியோ டேப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அனுப்பியவர் யாரென்று படம் சொல்வதில்லை. கரோலின் கெப்னஸின் ‘யூ’ (2014) நாவல் மறுபடி துரத்துபவனின் குரலுக்கே போய்விட்டது. தொலைக்காட்சித் தொடரான பிறகு அவனை விரும்பிய ரசிகர்களைக் கதாநாயக நடிகரே கண்டிக்க வேண்டியிருந்தது.

நமக்கு இந்தச் சிக்கல் பழையது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் துணிக்கடைப் பெண்ணைத் தொடரும் காட்சிகள், அக்காலக் காதல் படங்களின் காட்சிகளேதான். தொடர்பவன் கொலைகாரன் என்று முன்பே தெரிந்திருப்பதால் இளையராஜாவின் டூயட்டுக்கும் உடல் கூசுகிறது. அந்தத் தகவலை மட்டும் எடுத்துவிட்டால் எத்தனை வெள்ளிவிழாப் படங்கள்! பெண் தெளிவாக மறுத்த பிறகும் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயலும் ஆண் குற்றவாளி என்றது, 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 354டி பிரிவு. நம் கதாநாயகனின் இலக்கணமும் அதுவே. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த இளம்பெண் கொல்லப்பட்ட பிறகுதான் இதைப் பற்றி உரக்கப் பேசினோம். அதே ஆண்டு, வேறொருவனுக்கு நிச்சயமானவளைப் பெண் வேடமிட்டுத் தொடரும் ‘ரெமோ’ நகைச்சுவைப் படமாக வந்து ஓடியது.

இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 78ஆம் பிரிவாகியிருக்கும் அந்தச் சட்டத்திலும் தொடரப்படுபவர் பெண் மட்டுமே. 2024இல் ரிச்சர்ட் கேட் தன் அனுபவத்திலிருந்து எழுதி நடித்த ‘பேபி ரெய்ண்டீர்’ தொடரின் டானி இங்கே புகார் கொடுக்க வந்தால் இந்தப் பிரிவில் இடமில்லை. லண்டன் மதுக்கூடத்தில் வாடிய முகத்தோடு வந்தவளுக்கு இலவசமாக ஒரு டீ கொடுத்தான், அவ்வளவுதான். பிறகு ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல்கள். அவனே தயங்கித் தயங்கி, மாதங்கள் கழித்துத்தான் போலீஸுக்குப் போகிறான். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்கிறார்கள். அந்த வேதனையைப் பார்த்து உருகிய பார்வையாளர்கள் அடுத்துச் செய்தது, நிஜ மனிதர்கள் யாரென்று சமூக வலைத்தளங்களைத் துழாவித் தேடியது.