மெலட்டோனினை அளக்க ஒரு துளி போதுமா?

வைணு பாப்பு வானாய்வகம் ஜவ்வாது மலையின் காவலூருக்கு வந்ததற்கு அங்குள்ள இருட்டு ஒரு காரணம். அதே இருட்டில்தான் நம் பினியல் சுரப்பி மெலட்டோனினைச் சுரக்கிறது. ஆரன் லெர்னர் 1958இல் பிரித்தெடுத்துக் காட்டிய இந்த ஹார்மோன் இன்று மாத்திரையாகவும் மெல்லும் கம்மி மிட்டாயாகவும் விற்கிறது. தூக்கம் கெட்டவர்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அட்டையில் போட்ட அளவு உள்ளே இருக்கிறதா? கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், ஒன்றில் 83 சதவீதம் குறைவு, இன்னொன்றில் 478 சதவீதம் அதிகம். எட்டில் செரடோனினும் கலந்திருந்தது.

மெலட்டோனினின் உண்மையான அளவை அறியப் பசுமைக் கரைப்பான் நுண்பிரித்தெடுப்பைப் பரிந்துரைக்கிறார்கள். இந்த நுண்பிரித்தெடுப்பு முறை 2006இல் ஈரானிய ஆய்வாளர்களிடமிருந்து வந்தபோது, குளோரின் சேர்ந்த நச்சுக் கரைப்பான்களை நம்பியிருந்தது. இப்போது அந்த இடத்தில் மெந்தால், தைமால் கலவை. புதினா உப்பையும் ஓம உப்பையும் பச்சைக் கற்பூரத்தையும் ஒரே சீசாவில் போட்டால் தானாக உருகித் திரவமாகும் என்பது நாட்டு மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும்; கொள்கை அதுவேதான். மாத்திரை கரைந்த நீரில் இதைச் சில மைக்ரோலிட்டர் விட்டுக் குலுக்கினால் பால்போல் கலங்கும். மையவிலக்கியில் சுழற்றினால் கரைப்பான் துளியாக மேலே மிதக்கும். மெலட்டோனின் அதில் செறிந்திருக்கும்.

அழகான முறைதான். ஆனால் மாத்திரைக்கு இந்தச் செறிவூட்டல் எதற்கு? 3 மி.கி. மாத்திரையை 100 மி.லி.யில் கரைத்தால் மி.லி.க்கு 30 மைக்ரோகிராம் கிடைக்கிறது. சாதாரணத் திரவ நிறப்பகுப்புக் கருவியே சிரமமின்றி அளந்துவிடும். இரத்தத்தில் பிகோகிராம் அளவில் தேடும்போதுதான் செறிவூட்டல் அவசியம். பசுமைக் கணக்கும் உதைக்கிறது. பிரித்தெடுப்பில் மைக்ரோலிட்டர்களை மிச்சம்பிடித்துவிட்டு, நிறப்பகுப்பில் ஒரு மாதிரிக்குப் பத்து மி.லி. அளவில் அசிட்டோநைட்ரைலோ மெத்தனாலோ கலந்த திரவத்தை ஓடவிடுகிறோம். செலவைக் குறைக்க நிறமாலைமானியில் நேரடியாக அளக்கலாமென்றால், மெலட்டோனின் 278 நானோமீட்டர் அருகே உறிஞ்சுகிறது. தைமாலும் ஏறக்குறைய அங்கேயே உறிஞ்சி அளவீட்டைக் கெடுக்கும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. மின்னேற்றம் பெற்ற செரடோனின் நடுநிலை நீரிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். துளியை மட்டும் பார்க்கிறவர், நோயாளிக்குக் கேடு செய்யக்கூடிய கலப்படத்தைத் தவறவிடுவார்.

சர்க்கரை, ஜெலட்டின், நிறமி நிறைந்த கம்மிகளிலும் சிரப்புகளிலும் இம்முறைக்கு உண்மையான பயன் உண்டு. அங்கும் எஞ்சிய நீரைத் தனியே சோதித்தாக வேண்டும். மாத்திரைக்கு எத்தனால் கலந்த நீரில் கரைத்து, வடிகட்டி, நிறப்பகுப்பில் அளப்பதே போதுமானது, அதுவே பசுமையானதும்கூட. திருப்பத்தூர், வேலூர் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் புதுக் கரைப்பான் தேடுவதற்கு முன், ஜவ்வாது மலையடிவார மருந்துக்கடைகளில் விற்கும் மெலட்டோனினை வாங்கி அளந்து முடிவை மக்களுக்குச் சொல்லட்டும்.