ஒரே ஊருக்கு இரண்டு பட்டா

யோசுவா நூலின் பின்பாதியைப் பெரும்பாலானோர் தாண்டிவிடுவார்கள். 13ஆம் அதிகாரத்திலிருந்து எல்லை, ஊர்ப்பெயர், மறுபடி எல்லை. பத்திரம் படிப்பது மாதிரியே இருக்கும். ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கு.

11:23இல் யோசுவா தேசம் முழுவதையும் பிடித்துப் பங்கிட்டாச்சு. 13:1இல் பிடிக்க வேண்டிய நிலம் இன்னும் ஏராளம். சரி, இதை மிகைக்கூற்று என்று விட்டுவிடலாம். எருசலேமை அப்படி விட முடியாது. யோசுவா 15:63இல் அங்கிருந்த எபூசியரைத் துரத்த முடியாமல் போனது யூதா கோத்திரம். நியாயாதிபதிகள் 1:21இல் கிட்டத்தட்ட அதே வாக்கியம், துரத்த முடியாதவர்கள் மட்டும் பென்யமீன். அதற்குச் சற்று முன்னால், 1:8இல், யூதா அந்த ஊரைப் பிடித்து எரித்தே விட்டது!

ஊர் எல்லையில் இருந்தது, அதனால் இரண்டு கணக்கிலும் வந்தது என்பார்கள். பாதி சரி. 15:8இன் எல்லைக்கோடு ஊருக்குத் தெற்கே போகிறது, 18:28 ஊரைப் பென்யமீனுக்கு எழுதுகிறது. ஆனால் தோற்றவரின் பெயர் ஏன் மாறணும்? நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் யூதா பெரும்பாலும் ஜெயிக்கிறது, மற்றவர்கள் வரிசையாகத் தடுமாறுகிறார்கள். தாவீது யூதா, சவுல் பென்யமீன் என்பதை நினைவில் வைத்துப் படித்தால், பழியை யாரோ பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இதில் எனக்குப் பிடித்தது, தொகுத்தவர்கள் யோசுவாவின் வாக்கியத்தையும் அழிக்காமல் விட்டது.

இன்னும் சுவையானது செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் கதை. எண்ணாகமம் 27இல், மகன் இல்லாத அப்பாவின் பங்கை மோசேயிடமே கேட்டு வாங்குகிறார்கள். 36இல் கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து புலம்ப, சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் என்று வேலி விழுகிறது. யோசுவா 17இல் நிலம் கைக்கு வருகிறது.

1910இல் சமாரியாவில் மண்பாண்டச் சில்லுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டு, திராட்சை ரசமும் எண்ணெயும் வந்து சேர்ந்த கணக்கு. அதில் ஒக்லாள், நோவாள் இரண்டும் வட்டாரப் பெயர்கள். அப்போ இந்த மகள்கள் ஊர்களா? வரைபடத்தை விளக்கப் பிறந்த கதையா? இருக்கலாம். ஆனால் வரைபடத்துக்கு ஐந்து பெயர் போதும். அந்தப் பெண்களைக் கூடார வாசலில், சபை முழுவதற்கும் முன்னால் நிறுத்தி, எங்கள் அப்பா பெயர் ஏன் அழியணும் என்று கேட்க வைத்தவருக்கு வேறு ஏதோ தேவைப்பட்டிருக்கிறது.