கலைக் கல்வியும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வும்

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, மருத்துவமா பொறியியலா என்பதே. தமிழோ வரலாறோ அரபியோ பயில விரும்பும் மாணவரை, வேறு இடம் கிடைக்காதவர் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் சரியானதா என்பதைச் சோதிக்க, கலாநிதி ம.மு. உவைஸின் பணியைக் காட்டிலும் பொருத்தமான சான்று நமக்கில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற உவைஸ், முதுகலைப் பட்டத்திற்காக முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டினை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். சீறாப்புராணம் ஒன்றையே அறிந்திருந்த பலருக்கு, கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என விரிந்து கிடந்த ஒரு பேரிலக்கியப் பரப்பு அதன்பின்னரே புலனாயிற்று. ஒரு மாணவர் தமிழ்த்துறையைத் தேர்ந்தெடுத்ததால் சமுதாயம் முழுவதும் பெற்ற பயன் இது.

எனினும் அவ்வாய்வு நெறியின் எல்லையையும் நாம் உணர வேண்டும். ஆசிரியர், காலம், பாடற்றொகை, கதைச்சுருக்கம் எனத் தொகுத்துரைப்பதே அதன் முதன்மைப் போக்கு. அடித்தளம் இடுவோர் அவ்வாறுதான் செய்ய இயலும். குறை, அங்கேயே நின்றுவிட்ட நம்முடையது. சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்டது என்று நம் மாணவர் ஒப்பிப்பர். அரபு நாட்டைப் பாடவந்த உமறுப் புலவர் அங்கே தமிழ்நாட்டு ஆற்றுவளத்தையும் வயல்வளத்தையும் ஏன் காண்கிறார் என்று கேட்போர் சிலரே. அது வெறும் காப்பிய மரபா, தீனைத் தம் மண்ணுக்கு உரியதாக்கிக்கொண்ட உள்ளத்தின் வெளிப்பாடா? இக்கேள்விக்கு விடைகாண யாப்பும் காப்பிய மரபும் ஸீரா வரலாறும் ஒருங்கே கற்றவர் வேண்டும்.

1572இல் அரங்கேறியதாகக் கூறப்படும் ஆயிர மசலாவின் நிலையும் இதுவே. அப்துல்லாஹ் இப்னு ஸலாமின் வினாக்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளிக்கும் அக்கதையின் தமிழ், மலாய், ஜாவானிய வடிவங்களை ஒப்பிட்டு, ரோனித் ரிச்சி 2011இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கடல் கடந்து விரிந்த ஓர் இஸ்லாமிய இலக்கிய உறவை அந்நூல் காட்டுகிறது. அதனை நாம் மகிழ்ந்து வரவேற்கிறோம். ஆயின் அந்நூலோடு உடன்பட்டும் முரண்பட்டும் உரையாட நம்முள் எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கின்றனர்?

பிழைப்புக்கு என்ன வழி என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வறுமையில் உழலும் குடும்பத்திடம் தியாகம் கோருவது நம் நோக்கமன்று. அதனாலேயே, தொழிற்கல்விக்கு உதவித்தொகை வழங்கும் நம் செல்வர்களும் அறக்கட்டளைகளும் மொழி, வரலாறு, மெய்யியல் பயில்வோருக்கும் கைகொடுக்க வேண்டும் என்கிறோம். இது நம் மரபுக்குப் புதிதுமன்று. நஹ்வும் ஸர்ஃபும் பலாகாவும் கல்லாமல் மறையின் பொருளை நுணுகி உணர இயலாது என்பதை நம் மத்ரஸாக்கள் என்றும் மறந்ததில்லை.

நம் முன்னோர் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் இன்றும் பல இல்லங்களில் உள்ளன. அவற்றைப் பிழையறப் படிப்போர் அருகி வருகின்றனர். ஏட்டை எந்திரம் படம் பிடித்துக் காத்துவிடும்; அதன் பொருளை உணர்ந்துரைக்கக் கற்றவர் வேண்டும். அத்தகையோரை உருவாக்காத சமுதாயம் தன் வரலாற்றைப் பிறர் சொல்லக் கேட்டே அறிய நேரிடும்.