நடக்கும் தூரத்தில் பள்ளி: பம்மலில் வீடு தேடுவோரின் கணக்கு

சென்னைப் புறநகரான பம்மலில் வீடு தேடி வருகிறவர்களிடம் புரோக்கர்கள் அடுக்கும் வசதிகள் பெரும்பாலும் மூன்றுதான். பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம், ஏர்போர்ட் பக்கம், ஸ்கூல் வாக்கபிள் டிஸ்டன்ஸ். முதல் இரண்டும் பெரியவர்களுக்கானவை. கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பைக்கிலோ ஷேர் ஆட்டோவிலோ சமாளித்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஐந்து வயதுக் குழந்தையின் காலை நம்பிச் சொல்லப்படுகிற வாக்கு. எல்.கே.ஜி. சேர்க்கை நெருங்கும்போது, வாடகை ஏறிப்போன நகரப் பகுதிகளிலிருந்து இளம் குடும்பங்கள் தாம்பரம் பக்கம் நகர்வதற்கு இந்த வாக்கும் ஒரு காரணம். பள்ளியைப் பார்த்து வீடு பிடிக்கும் இந்த வழக்கம் நல்லதா என்று கேட்டால், நல்லது என்பதே என் பதில். ஆனால் இப்போது அதைச் செய்கிற விதம் பாதிதான் சரி. பள்ளியின் பெயரை விசாரிக்கிறோம், எத்தனை கிலோமீட்டர் என்று விசாரிக்கிறோம், குழந்தை நடக்கப்போகும் பாதையை மட்டும் விசாரிப்பதில்லை.

இதை எடைபோட்டுப் பார்க்கப் பம்மல் பொருத்தமான ஊர். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 76,000 பேர் வாழ்ந்த நகராட்சி இது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இதனோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. ஊரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பெரியவர் ஒருவர் முக்கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஓ.எம்.ஆர். என்னும் பழைய மாமல்லபுரம் சாலையில் எழுவது போன்ற அடுக்குமாடிக் கோபுரங்கள் இங்கே எழவில்லை. கீழே வண்டி நிறுத்தம், மேலே இரண்டு மூன்று மாடி, பக்கத்தில் மளிகைக் கடை, தெருமுனையில் மாவு மில், அடுத்த தெருவில் ஒரு நர்சரி பள்ளி என்று நெருக்கமாகவும் தாழ்வாகவும் அமைந்த ஊர். மாடியில் துணி காயப்போடும் பாட்டிக்குத் தெருவில் போகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். அவ்வளவு தாழ்வாக இருப்பதுதான் இங்குள்ள தெருக்களின் பலம்.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி 1929-ல் ஒரு குடியிருப்புப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் வரைந்தபோது, நடுவில் தொடக்கப் பள்ளியை வைத்தார். பெரிய சாலைகளை எல்லையில் வைத்தார். எந்தக் குழந்தையும் பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. அன்றாடத் தேவைகள் கால் மணி நேர நடையிலோ சைக்கிளிலோ கிடைக்க வேண்டும் என்று பாரிஸ் மாநகரம் சில ஆண்டுகளாகப் பேசிவரும் '15 நிமிட நகரம்' என்ற யோசனையும் இதே வழியில் வந்ததுதான். பம்மலின் உட்தெருக்கள் பெர்ரி திட்டத்தின் முதல் பாதியை, அதாவது நடுவில் பள்ளி என்பதை, எந்தத் திட்டமும் இல்லாமலே அடைந்துவிட்டன. இரண்டாம் பாதி தலைகீழாகிவிட்டது. பல்லாவரம்–குன்றத்தூர் சாலை ஊரின் எல்லையில் ஓடவில்லை, நடுவில் ஓடுகிறது. வீடு தேடுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது பள்ளியின் பெயர்ப்பலகை அல்ல. வீடும் பள்ளியும் அந்தச் சாலைக்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்பது.

நடந்து போகும் பள்ளியால் வரும் நன்மையை முதலில் நேரத்தில் பார்க்கலாம். வேனில் போகும் குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? சுற்றுப் பாதையில் முதலில் ஏறும் குழந்தை என்றால் ஏழு மணிக்கெல்லாம் வாசலில் நிற்க வேண்டும். டிபன் பாதி வாயில், பாதி டப்பாவில். மாலையில் கடைசியாக இறங்கினால் வீடு வரும்போது முகம் வாடியிருக்கும், விளையாட வெளிச்சம் இருக்காது. நடந்து போகும் குழந்தைக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மிச்சம். அந்த இரண்டு மணி நேரம் எந்த டியூஷனிலும் கிடைக்காதது. வகுப்புத் தோழன் பக்கத்துத் தெருவில் இருப்பதால் மாலையில் விளையாட ஆள் இருக்கும். காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் பத்து நிமிடத்தில் போய்த் தூக்கிவந்துவிடலாம். இதில் அதிகம் பயன்பெறுபவர்கள் அம்மாக்கள். கொண்டுபோய் விடுவது, கூட்டிவருவது என்ற வேலை பல வீடுகளில் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அதற்காகவே வேலையை விட்ட பெண்கள் இந்தப் புறநகரில் நிறைய. பள்ளி கிட்டே இருந்திருந்தால் அவர்களில் பலர் இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

தாம்பரம் பகுதி மக்களுக்கு இன்னொரு காரணத்தை நினைவூட்டத் தேவையில்லை. 2012 ஜூலையில் சேலையூர்ப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புப் படித்த சிறுமி, வீடு திரும்பும் வழியில் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. இப்போது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. அதிகாரிகள் தரையையும் அவசர வழியையும் சோதிக்கிறார்கள். நல்ல விதிகள்தான். ஆனால் பெற்றோர் கூடிப் பேசி அமர்த்திக்கொள்ளும் ஆம்னி வேன்களும், பிள்ளைகளை நெருக்கி அடைத்துச் செல்லும் ஆட்டோக்களும் பெரும்பாலும் அந்த வரிசையில் வந்து நிற்பதில்லை. வாகனமே தேவைப்படாத தூரத்தில் பள்ளி இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை.

இவ்வளவு நன்மை இருக்க, பம்மலில் குடியேறிய பல குடும்பங்கள் பிள்ளையை ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி அனுப்புவது ஏன்? 'நல்ல பள்ளி' என்பதை நாம் அளக்கும் கோல்தான் காரணம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. சாலை நெடுக, மதிப்பெண்ணோடு மாணவர் படம் போட்ட பேனர்கள் தொங்கும். அந்தப் பேனரைப் பார்த்து ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் 590 வாங்கிய பிள்ளைக்கும், ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தரும் டீச்சருக்கும் இடையே பதினொரு ஆண்டுகளும் பல டியூஷன்களும் இருக்கின்றன. சமச்சீர் கல்வி 2011-ல் பத்தாம் வகுப்பு வரை வந்த பிறகு, மாநிலப் பாடத்திட்டத்தில் அரசுப் பள்ளியும் மெட்ரிக் பள்ளியும் ஒரே புத்தகத்தைத்தான் நடத்துகின்றன. தொடக்க வகுப்பில் பார்க்க வேண்டியவை வேறு. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், டீச்சர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்களா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பிள்ளை சாயங்காலம் என்ன முகத்தோடு வெளியே வருகிறது. இவற்றை எந்தப் பேனரும் சொல்லாது. நடக்கும் தூரத்தில் பள்ளி இருந்தால் ஒரு வாரம் வாசலில் நின்று நாமே தெரிந்துகொள்ளலாம்.

வீட்டு முகவரியே பள்ளியைத் தீர்மானிக்கும் நாடுகளில் கதை வேறு. அமெரிக்காவில் நல்ல பள்ளி மாவட்டத்துக்குள் வீடு வாங்குவதே பள்ளியில் இடம் வாங்குவதற்குச் சமம், அதனால் அங்கே வீட்டு விலை பள்ளியோடு சேர்ந்து ஏறுகிறது. இலங்கையில் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகளின் முதல் வகுப்புச் சேர்க்கைக்கு வீட்டின் அருகாமைக்குப் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிக்காகக் கொழும்பில் வாடகை வீடு பிடிப்பதும், குடியிருப்புப் பத்திரங்களைத் திருத்துவதும் அங்கே பழைய புகார். தமிழ்நாட்டில், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்குத் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில் மட்டும்தான் ஒரு கிலோமீட்டர் தூரம் கணக்கில் வருகிறது. அதுவும் 2025-26-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் சிக்கி, கல்வி ஆண்டு தொடங்கி மாதங்கள் கழித்தே நடந்தது. மற்றபடி பள்ளிக்கு எதிர்வீட்டில் குடியிருந்தாலும் இடம் உறுதி இல்லை. பள்ளியை நம்பி பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சேர்க்கை கிடைக்காமல் மறுபடி வேன் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். இடம் உறுதியான பிறகு வீடு பார்ப்பதுதான் நம் ஊருக்குச் சரியான வரிசை.

பள்ளியைப் பார்த்து வீடு பிடிக்கும் வழக்கத்தின் பெரிய குறை பாதைதான். காலை எட்டேகாலுக்குப் பம்மல் மெயின் ரோட்டில் ஓரமாக நடந்து பாருங்கள். மழைநீர்க் கால்வாயின் மேல்மூடிதான் இங்கே பல இடங்களில் நடைபாதை. ஒரு மூடி நொறுங்கிக் கம்பி துருத்திக்கொண்டிருக்கும், அடுத்த மூடி இல்லாமலே போயிருக்கும். அதைத் தாண்டினால் மின்வாரியப் பெட்டி. அதைத் தாண்டினால் கடைக்கு வந்தவர்களின் பைக் வரிசை. ஒவ்வொரு தடைக்கும் குழந்தை சாலைக்குள் இறங்கி ஏற வேண்டும். இறங்கும் இடத்தில்தான் மாநகரப் பேருந்து ஓரம் கட்டுகிறது, ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்கிறது, டிப்பர் லாரி ஹாரன் அடிக்கிறது. முதுகில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. அம்மா பிள்ளையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சாலைப் பக்கம் வைத்து நடக்கிறாள். மேப்பில் இது 700 மீட்டர். ஒரு மாதம் இப்படி நடந்த குடும்பம் ஸ்கூட்டி வாங்கிவிடுகிறது. அந்த ஸ்கூட்டியும் பள்ளி வாசல் நெரிசலில் சேர்ந்துகொள்ள, மிச்சமிருக்கும் நடைக்காரர்களுக்கு நடப்பது இன்னும் கடினமாகிறது.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. அதன் பெயர் சொல்லும் படைப்பாக 2019-ல் தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் கடைத்தெருவுக்குக் கிடைத்த அகலம் ஏன் ஒரு பள்ளித் தெருவுக்குக் கிடைக்கவில்லை? பள்ளியைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்கு ஒழுங்கான நடைபாதை, கடக்கும் இடத்தில் வேகத்தடை, காலையும் மாலையும் அரை மணி நேரம் கனரக வண்டிக்குத் தடை. பாண்டி பஜாருக்கு ஆன செலவில் இதைப் பல புறநகர்ப் பள்ளிகளுக்குச் செய்திருக்கலாம்.

வீடு பார்க்கும்போது பாதையோடு கவனிக்க வேண்டிய தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரில் இறங்கியது. வீட்டு போர் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அடையாற்றை ஒட்டிய அனகாபுத்தூர், பொழிச்சலூர்ப் பக்கம் பார்க்கிறவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். வீட்டுக்கடன் இருபது ஆண்டு, தொடக்கப் பள்ளி ஐந்தே ஆண்டு என்பதும் நினைவிருக்கட்டும். பக்கத்துப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறதா, எட்டோடா என்று தெரியாமல் வாங்குவதைவிட முதல் இரண்டு ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது.

பள்ளியைப் பார்த்து வீடு பிடிக்கும் வழக்கத்தின் மீது எனக்கு இருக்கும் கடைசி மனக்குறை வேறு வகையானது. தேர்ந்தெடுக்க வசதி உள்ள குடும்பம் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகிறது. தெரு சரியில்லை என்றால் அடுத்த தெரு, ஊர் சரியில்லை என்றால் அடுத்த ஊர். தங்கி நின்று கேட்கிறவர் குறைகிறார்கள். பம்மலே இதற்கு மாற்றுவழியைக் காட்டியிருக்கிறது. 1990-களில் சங்கரா நகர்ப் பெண்கள் சிலர், மங்களம் பாலசுப்ரமணியன் முன்னிற்க, தெருக்குப்பையைத் தாங்களே பொறுப்பெடுத்தார்கள். வீடு வீடாக மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கி உரமாக்கினார்கள். பின்னாளில் எக்ஸ்னோரா கிரீன் பம்மல் என்ற அமைப்பாகி, மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் அளவுக்கு அந்த வேலை வளர்ந்தது. குப்பை நாறுகிறது என்று அவர்கள் வீடு மாற்றிப் போயிருந்தால் இது நடந்திருக்காது. குப்பைக்குச் செய்ததை நடைபாதைக்கும் செய்யலாம்.

ஆகவே பம்மலிலோ, குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூரிலோ வீடு பார்க்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. ஐந்தாம் வகுப்பு வரையிலாவது தூரத்துப் பெரிய பெயரைவிட, டீச்சர் நிலைத்து நிற்கிற பக்கத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அது அரசுப் பள்ளியாக இருந்தாலும் உள்ளே போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலைநாள் காலை எட்டேகாலுக்கும், முடிந்தால் ஒரு மழை நாளிலும், பிள்ளையின் கையைப் பிடித்து அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். எந்தெந்த இடத்தில் பிள்ளை சாலைக்குள் இறங்க நேர்ந்ததோ அவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடி வந்த பிறகு அதே பள்ளிப் பெற்றோர் பத்துப் பேரோடு அந்தப் படங்களை உங்கள் வார்டு கவுன்சிலரிடமும், அடுத்து நடக்கும் பகுதி சபைக் கூட்டத்திலும் கொண்டுபோய் வையுங்கள்.